ரைசர் ஸ்லக்கிங்: கலனா, சோக்கா, வாயுவா, கட்டுப்பாட்டுச் சுற்றா?

கடலடிக் கிணறுகளின் எண்ணெயும் வாயுவும் நீரும் ஒரே குழாயில் கலந்து, கடலடியிலிருந்து மேலேறும் ரைசர் என்ற குழாய் வழியே மேடைக்கு வரும் வயல்களில், சில ஆண்டுகள் உற்பத்தி நன்றாக நடந்து பிறகு ஓட்டம் குறையத் தொடங்கும்போது ஸ்லக் தொல்லை, அதாவது திரவம் சீராக வராமல் திரள் திரளாக வரும் தொல்லை, தலைகாட்டும். எண்ணெயையும் வாயுவையும் நீரையும் பிரிக்கும் கலனான செபரேட்டருக்குள் சிறிது நேரம் ஏறக்குறைய ஒன்றுமே வராது. அடுத்து, குழாயின் குறுக்குவெட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரவம் மட்டும் வரும். அது தீர்ந்ததும் அடைபட்டிருந்த வாயு சீறிப் பாயும். திரவ மட்டம் எல்லை மீறி இயக்கம் தானாக நின்று டிரிப் ஆகிறது, வாயு எரித்துவிடும் ஃபிளேருக்குப் போகிறது, கம்ப்ரசர் தடுமாறுகிறது.

இந்நிலையில் நான்கு வழிகள் முன்னால் நிற்கின்றன: வரும் திரவத் திரளை வாங்கி வைக்கும் ஸ்லக் கேச்சரை மேடையில் அமைப்பது, ரைசரின் உச்சியில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வை நிலையாக இறுக்கி வைப்பது, ரைசரின் அடியில் வாயுவைச் செலுத்துவது, ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றின் மூலம் சோக் வால்வை அழுத்த அளவீட்டின்படி தானாக அசைய விடுவது. எதைத் தேர்வது என்று முடிவெடுக்க முடியாமல் நிற்போருக்காக இந்த ஒப்பீடு. என் நிலைப்பாட்டை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கோளாறு ரைசரின் அடியில் பிறக்கும்போது அதன் விளைவைத் தாங்குவதற்கென்று மேலே எஃகு அடுக்குவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். கோளாறு வேறிடத்தில் பிறந்தால், எவ்வளவு நுட்பமான கட்டுப்பாட்டுச் சுற்றும் அந்த எஃகுக்கு ஈடாகாது.

## எந்த ஸ்லக் என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்

ஒரே பெயரில் மூன்று வேறு நிகழ்வுகள் வழங்குகின்றன. முதலாவது, கிடைக்குழாயில் திரவத்தின் மேல் வேகமாக ஓடும் வாயு எழுப்பும் அலை வளர்ந்து குழாயின் மேற்புறத்தைத் தொட்டு அடைப்பதால் உண்டாவது. இதன் நீளம் பெரும்பாலும் குழாய் விட்டத்தின் சில பத்து மடங்குக்குள் அடங்கும். அடிக்கடி வரும், ஆனால் சிறிதாக வரும். சரியாக அளவிடப்பட்ட செபரேட்டரே இதைப் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, குழாயின் தாழ்ந்த இடத்தில், குறிப்பாக ரைசரின் அடியில், திரவம் தேங்குவதால் வருவது. கடுமையான ஸ்லக்கிங் எனப்படுவது இதுவே. மேடையை நோக்கி வரும் கிடைக்குழாய் இலேசாகக் கீழ்நோக்கிச் சரிந்து, அதில் திரவம் அடியிலும் வாயு மேலுமாகப் பிரிந்து ஓடி, ஓட்டமும் மெதுவாக இருந்தால், ரைசரின் அடிவளைவைத் திரவம் அடைத்துவிடுகிறது. வாயு பின்னால் சிறைப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. ரைசரிலும் திரவத் தூண் உயர்ந்துகொண்டே போகிறது. தூண் உச்சியை எட்டிய பிறகுதான் வாயுவின் அழுத்தம் அதை வெல்லும். வாயு அடிவளைவுக்குள் நுழைந்த நொடியிலிருந்து தூணின் எடை குறைகிறது. எடை குறையக் குறைய வாயு இன்னும் விரிந்து வேகமெடுக்கிறது. முழுத் தூணும் மேலே உந்தி எறியப்படுகிறது. பிறகு அழுத்தம் சரிந்து, ரைசரின் சுவரில் எஞ்சிய திரவம் கீழே வழிந்து, மறுபடியும் அடைப்பு விழுகிறது.

இதற்கான நிபந்தனையை நார்வேயின் போ என்பவர் 1981-இல் எளிமையாக வகுத்தார்: பின்னால் சிறைப்பட்ட வாயுவின் அழுத்தம் ஏறும் வேகத்தை விட, ரைசரில் திரவத் தூணின் எடை ஏறும் வேகம் அதிகமாக இருந்தால் அடைப்பு நீடிக்கும். பின்னால் உள்ள குழாய் நீளமாகவும் வாயு நிறைந்ததாகவும் இருந்தால் அழுத்தம் மெதுவாகவே ஏறும். ஆகவே நீண்ட குழாய்கள் இந்நோய்க்கு எளிதில் ஆட்படுகின்றன. ஓட்டம் குறைந்த முதிய வயல்களில் இது தோன்றுவதற்கும் காரணம் இதுவே.

மூன்றாவது, நாமே உண்டாக்குவது. குழாயைத் துப்புரவாக்க பிக் என்ற கருவியை அதனுள் அனுப்பும்போதும், நிறுத்திய குழாயை மீண்டும் தொடங்கும்போதும், உற்பத்தியைத் திடீரென உயர்த்தும்போதும் வரும் திரவத் திரள் இது.

எது நடக்கிறது என்பதை மேடையில் நின்று யூகிக்கத் தேவையில்லை. ரைசர் அடியின் அழுத்தப் பதிவை ஒரு நாள் முழுவதும் எடுத்துப் பார்த்தால் போதும். மெதுவாக ஏறி, உச்சியில் சிறிது தங்கி, சட்டென்று விழும் இரம்பப் பல் வடிவம், பத்து நிமிடம் முதல் மணிக்கணக்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது இரண்டாவது வகை. சில நொடிகளுக்கு ஒருமுறை வரும் சிறு துடிப்புகள் முதல் வகை. அந்தப் பதிவைப் பார்க்காமல் கருவி வாங்கும் பேச்சைத் தொடங்குவதே இத்துறையில் மிக அதிகச் செலவு வைக்கும் தவறு என்று நான் கருதுகிறேன்.

## கணக்கிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு

300 மீட்டர் உயர ரைசர், உள்விட்டம் 0.3 மீட்டர், கனமீட்டருக்கு 800 கிலோ அடர்த்தியுள்ள எண்ணெய், மணிக்கு 50 கனமீட்டர் சராசரித் திரவ ஓட்டம், பின்னால் 10 கிலோமீட்டர் குழாய் என்று வைத்துக்கொள்வோம். ரைசர் நிரம்பினால் அதில் உள்ள திரவம் 21 கனமீட்டர். அதன் எடையால் அடியில் கூடும் அழுத்தம் ஏறத்தாழ 23.5 பார். கிணறுகள் ஒவ்வொரு சுற்றிலும் இந்த 23.5 பார் ஏற்ற இறக்கத்தை எதிர்கொள்கின்றன என்பது மேடையில் நிற்போர் கண்ணுக்குத் தெரியாத இழப்பு.

ரைசர் நிரம்பவே 25 நிமிடம் ஆகும். நிரம்பியது இரண்டு நிமிடத்தில் வெளியேறினால் செபரேட்டருக்குள் நுழையும் வீதம் மணிக்கு 630 கனமீட்டர், அதாவது சராசரியின் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். ஐந்து நிமிடத் தங்கல் நேரத்துக்கு அளவிட்ட செபரேட்டரில் இருக்கும் திரவமே 4 கனமீட்டர் சொச்சம்தான். வெளியேற்றும் வால்வு அந்த இரண்டு நிமிடத்தில் 1.7 கனமீட்டரை எடுத்துவிட்டாலும் 19 கனமீட்டருக்கு இடம் வேண்டும். உண்மையில் ஸ்லக்கின் நீளம் ரைசரோடு நிற்பதில்லை. கிடைக்குழாயிலும் திரவம் பின்னோக்கித் தேங்குவதால் ரைசரின் உயரத்தைத் தாண்டியும் போகும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அந்த வழி காரணத்தை நீக்குகிறதா, விளைவை மட்டும் தாங்குகிறதா என்பது. இரண்டாவது, கிணற்றின் மேல் நிலையாகக் கூடும் பின்னழுத்தம், அதாவது ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் அழுத்தம். ஒவ்வொரு கூடுதல் பாரும் உற்பத்தியைக் குறைக்கிறது, எண்ணெய்ப் படுகையின் அழுத்தம் வலுவிழந்த வயல்களில் அந்த இழப்பு இன்னும் கடுமை. மூன்றாவது, மேடையில் கேட்கும் இடமும் எடையும். நான்காவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வயலில் பின்னாளில் பொருத்த முடியுமா என்பது. ஐந்தாவது, ஒரு பாகம் பழுதானால் என்ன நேரும் என்பது. விலைப்பட்டியலில் உள்ள தொகையை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை; மேற்சொன்ன ஐந்திலும் மறைந்திருக்கும் செலவு அந்தத் தொகையை எளிதில் விஞ்சிவிடும்.

## ஸ்லக் கேச்சர்

செபரேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய கலன், அல்லது கரையில் என்றால், இலேசான சரிவில் பக்கம் பக்கமாக நீட்டி வைத்த பெரிய விட்டக் குழாய்களின் வரிசை. வருவதை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குச் சீராக அனுப்புவது இதன் வேலை. இதில் ஓட்ட இயற்பியலை யாரும் நுட்பமாகப் புரிந்திருக்கத் தேவையில்லை. ஸ்லக்கின் பருமனைச் சரியாகக் கணித்தால் போதும். எந்த வகை ஸ்லக் வந்தாலும் ஏற்கும் ஒரே வழியும் இதுதான். நம் எடுத்துக்காட்டின் 10 கிலோமீட்டர் குழாயின் கொள்ளளவு 707 கனமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு திரவம் என்றால், பிக் தள்ளிக்கொண்டு வரக்கூடியது 140 கனமீட்டர் வரை. எந்தச் சோக் வால்வும் அதை மறைய வைக்க முடியாது. பிக்கின் வேகத்தைக் குறைத்து, வரும் நேரத்தை நீட்டலாம், அவ்வளவே.

ஆனால் ரைசர் ஸ்லக்கிங்குக்கு இது மருந்தன்று. கலன் எவ்வளவு பெரிதானாலும் ரைசரின் அடியில் அடைப்பு விழுந்துகொண்டேதான் இருக்கும். கிணறுகள் மேல் அந்த 23.5 பார் ஊசலாட்டம் தொடரும். வேகமாக வரும் திரவம் வளைவுகளை மோதுவதும் நிற்காது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் எண்ணெய் 0.3 மீட்டர் குழாயின் செங்கோண வளைவில் ஏற்படுத்தும் விசை ஏறத்தாழ 8 கிலோநியூட்டன், அதாவது 800 கிலோவுக்கும் மேற்பட்ட எடை திடீரென்று விழுந்தாற்போல. நாளொன்றுக்குப் பலமுறை இது நிகழும்போது தாங்கிகளும் பற்றவைப்புகளும் களைப்படைகின்றன. மேடையில் எடைச் சுமையும் உண்டு: 19 கனமீட்டர் எண்ணெயே 15 டன், கலனும், அதில் வாயுவுக்கு விட வேண்டிய இடமும், கீழே தாங்கும் கட்டமைப்பும் தனி.

கரையில் கதை வேறு. ஸ்னோவிட் வயலிலிருந்து மெல்கோயா தீவுக்கு 143 கிலோமீட்டர், ஓர்மன் லாங்கே வயலிலிருந்து நீஹாம்னாவுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் எனக் கலப்பு ஓட்டமாகவே கரைசேரும் நார்வேயின் வாயு வயல்கள் இரண்டும் 2007-இல் உற்பத்தி தொடங்கின. இத்தகைய நீளத்தில், ஓட்டத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் குழாயில் தங்கியிருந்த திரவம் பெருமளவில் வந்து சேரும். கரையில் நிலம் உண்டு. எடை ஒரு பொருட்டன்று. அங்கே ஸ்லக் கேச்சருக்கு மாற்றுத் தேடுவது வீண்.

## சோக் வால்வை நிலையாக இறுக்குவது

ரைசரில் திரவம் சற்றே குறைந்தால் தூண் இலேசாகி ஓட்டம் கூடுகிறது. கூடிய ஓட்டம் தூணை மேலும் இலேசாக்குகிறது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் இந்தச் சுழற்சிதான் நிலையின்மையின் வேர். சோக் வால்வில் விழும் அழுத்தமோ ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஓட்டம் கூடும்போதெல்லாம் அது பிடித்து இழுக்கிறது. வால்வை இறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இழுப்பு பெருக்கத்தை வென்று ஓட்டம் நிலைபெறுகிறது.

இதற்குப் புதிய கருவி ஏதும் வேண்டாம். இன்று பிற்பகலே செய்து பார்க்கலாம். ஆபரேட்டர்கள் முதலில் கை வைப்பது இங்கேதான், அது சரியான தொடக்கமும் கூட. விலை பிறகு தெரியவரும். டிரான்ட்ஹைம் பல்கலைக்கழகத்தில் ஸ்டோர்காஸும் ஸ்கோகெஸ்டாடும் ஆய்ந்த கணினி மாதிரியில், 4.3 கிலோமீட்டர் குழாயும் 300 மீட்டர் ரைசரும் கொண்ட அமைப்பில், வால்வு 13 சதவீதத்துக்கு மேல் திறந்தாலே ஓட்டம் நிலை குலைந்தது. அவ்வளவு இறுக்கிய வால்வின் பின்னழுத்தத்தைக் கிணறுகள் நாள்தோறும் சுமக்க வேண்டும். கிணற்றின் நிலை மாறும்போது நிலையான திறப்பின் எல்லையும் மாறும். எச்சரிக்கையாக இருக்க விரும்பும் ஒவ்வொரு ஷிப்டும் தேவைக்கு மேல் சற்றே இறுக்கி வைக்கும். அந்தச் சற்றே ஆண்டுக்கணக்கில் பெரும் உற்பத்தி இழப்பாகச் சேரும்.

படுகை அழுத்தம் தாராளமாக உள்ள இளம் வயல்களுக்கும், வேறு ஏற்பாடு வரும்வரையிலான சில மாதங்களுக்கும், ஸ்லக்கிங் எல்லையை ஒட்டி மட்டுமே இயங்கும் குழாய்களுக்கும் இது போதும்.

## ரைசர் அடியில் வாயு செலுத்துவது

தூணுக்குள் வாயுவைக் கலந்து அதன் எடையைக் குறைப்பது காரணத்தின் மீதே கை வைக்கும் வழி. மற்ற மூன்றும் தராத ஒன்றையும் இது தருகிறது: பின்னழுத்தம் கூடாமல், பெரும்பாலும் குறைகிறது. ஆழம் அதிகமாக அதிகமாக இதன் மதிப்பு ஏறுகிறது. அங்கோலாவின் கடலில் 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் 2001-இல் உற்பத்தி தொடங்கிய ஜிராசோல் வயல் தன் ரைசர்களின் அடியில் வாயு செலுத்தும் ஏற்பாட்டோடு வடிவமைக்கப்பட்டது. அந்த ஆழத்தில், ஸ்லக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தூணின் எடையைக் குறைக்காமல் கிணறுகளிலிருந்து போதிய உற்பத்தி பெறுவது கடினம்.

மறைந்த செலவுகள் பல. ஓட்டத்தை நிலைப்படுத்தத் தேவைப்படும் வாயுவின் அளவு பெரும்பாலும் கணிசமானது. அதை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரசருக்கு அந்தத் திறன் உபரியாக இருக்க வேண்டும். மேலேறும் வாயு விரிந்து குளிர்வதால் மெழுகும், நீரும் வாயுவும் சேர்ந்து பனிக்கட்டி போல் உறையும் ஹைட்ரேட்டும் படியும் வாய்ப்பு கூடுகிறது. அளவு மிகுந்தால் உராய்வு இழப்பு ஏறி, குறைத்த எடையின் பலனை அதுவே தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடலடியில் தனிக் குழாய் வேண்டும். வடிவமைப்பில் இல்லாததைப் பின்னாளில் கொண்டுபோய் இணைப்பது மிகப் பெரிய பணி. கம்ப்ரசர் நின்றால் ஸ்லக் உடனே திரும்பிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்; தொடக்க இயக்கத்தில் வாயு கையில் இருக்காது, தேவையோ அப்போதுதான் மிகுதி.

1996-இல் யான்சன், ஷோஹம், டைடெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டிய ஒரு நடுவழி உண்டு: சோக்கையும் வாயுவையும் சேர்த்துக் கையாண்டால், சோக் மட்டும் என்றால் தேவைப்படும் இறுக்கமும் வேண்டாம், வாயு மட்டும் என்றால் தேவைப்படும் அளவும் வேண்டாம். கம்ப்ரசர் திறன் சிறிதளவே மிச்சமுள்ள மேடைகளுக்கு இதை நான் வலுவாகப் பரிந்துரைப்பேன்.

## தானியங்கிக் கட்டுப்பாடு

ரைசர் அடியின் அழுத்தம் ஏறும்போது வால்வைச் சற்றுத் திறந்தும், இறங்கும்போது சற்று மூடியும் அடைப்பு விழும் முன்பே தடுப்பது இதன் கருத்து. வால்வு தன் சராசரியில் 13 சதவீதத்தை விட அதிகமாகவே திறந்திருக்கலாம். தானாக நிற்காத ஓட்ட நிலையை இடைவிடாத சிறு திருத்தங்களால் நிற்க வைக்கிறோம். நிலையான சோக்கோடு ஒப்பிட, அதே வால்வு, அதே குழாய், குறைந்த பின்னழுத்தம்.

இது ஆய்வகத்தோடு நின்ற கருத்தன்று. வடகடலில் டன்பார் வயலிலிருந்து ஆல்வின் மேடைக்கு வரும் 22 கிலோமீட்டர், 16 அங்குலக் குழாயில் கையாண்ட முறையை கூர்போ என்பவர் 1996-இல் வெளியிட்டார். ஆனால் அங்கே ரைசர் அடியின் அழுத்தம் ஸ்லக் சுற்றின் உச்ச அழுத்தத்துக்குக் கீழே இறங்காமல் பிடித்து வைக்கப்பட்டது. ஸ்லக் நின்றது, பின்னழுத்தம் உயர்வாகவே இருந்தது. ஹோட் வயலிலிருந்து வால்ஹால் மேடைக்கு வரும் 13 கிலோமீட்டர் குழாயில் பிறகு அமைக்கப்பட்ட சுற்று, 2000-இல் வெளியான விவரங்களின்படி, ஓட்டத்தையே நிலைப்படுத்தும் வகை. இரண்டுக்கும் பெயர் கட்டுப்பாடுதான். விற்பனையாளர் எதைத் தருகிறார் என்று கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? முதலில், அழுத்தமானியில். ரைசர் அடியிலோ அதற்குப் பின்னாலோ நம்பகமான அழுத்தமானி இருந்தால் சாதாரண பி.ஐ. (விகித-தொகையீட்டு) கட்டுப்பாட்டுக் கருவியே போதும். அது கடலடியில் பழுதானால் மாற்றக் கப்பல் வேண்டும். மேடையில் உள்ள அளவீடுகளை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். ஆனால் சோக்குக்கு முந்தைய அழுத்தம், வால்வை அசைத்தவுடன் முதலில் எதிர்த்திசையில் நகர்ந்து பிறகே சரியான திசைக்குத் திரும்பும் இயல்புடையது, ஆகவே அதை மட்டும் நம்பிய சுற்று தடுமாறும். ஓட்ட அளவீட்டைக் கொண்டு உள்ளே இன்னொரு கட்டுப்பாட்டுச் சுற்றை அமைத்தால் நிலைமை தேறுகிறது.

அடுத்தது, வால்வு. எப்போதாவது அசைவதற்கென்று வடிவமைத்த, படிப்படியாக நகரும் மெதுவான சோக்கை நாள் முழுவதும் அசைய வைத்தால் தேய்மானம் விரைவில் வரும். வேகம் போதாவிட்டால் சுற்று நிலைபெறவே பெறாது. வால்வின் வேகத்தை அளந்து பார்க்காமல் மென்பொருளை மட்டும் வாங்கித் தோற்ற திட்டங்களை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது. மூன்றாவது, ஆட்கள். கிணறுகள் மாற மாறச் சுற்றின் அமைவு எண்களைத் திருத்த ஒருவர் வேண்டும். அவர் இல்லாத மேடையில் சில மாதங்களில் சுற்று கைமுறைக்கு மாற்றப்பட்டு அப்படியே கிடக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஸ்லக் கேச்சர் | நிலையான சோக் | அடியில் வாயு | தானியங்கிக் கட்டுப்பாடு |
|---|---|---|---|---|
| காரணத்தை நீக்குமா | இல்லை | ஆம் | ஆம் | ஆம் |
| பின்னழுத்தம் | ஊசலாட்டம் தொடரும் | மிகுதி | குறையும் | மிதம் |
| மேடை இடம், எடை | மிகுதி | இல்லை | கம்ப்ரசரைப் பொறுத்தது | மிகக் குறைவு |
| பின்னாளில் பொருத்துவது | கடினம் | உடனே | மிகக் கடினம் | எளிது, அழுத்தமானி இருந்தால் |
| பிக், மறுதொடக்க ஸ்லக் | தாங்கும் | ஓரளவு தணிக்கும் | சிறிதே உதவும் | ஓரளவு தணிக்கும் |
| பழுதானால் | பெரும்பாலும் பாதிப்பில்லை | பாதிப்பில்லை | ஸ்லக் திரும்பும் | ஸ்லக் திரும்பும் |

## யாருக்கு எது

ஓடிக்கொண்டிருக்கும் மேடை, ரைசர் அடியில் வேலை செய்யும் அழுத்தமானி, அழுத்தப் பதிவில் தெளிவான இரம்பப் பல்: தானியங்கிக் கட்டுப்பாட்டிலிருந்து தொடங்குவதே சரி. அதை அமைக்கும்வரை நிலையான சோக்கில் இயக்கலாம். சுற்று கைமுறைக்கு மாறும் நேரங்களில் திரும்பிச் சேரவும் அந்தத் திறப்பின் அளவு எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அழுத்தமானி இல்லாத பழைய வயலில், அடுத்த கடலடிப் பணியின்போது அதைப் பொருத்தத் திட்டமிட்டு, அதுவரை சோக்கும், கிடைக்கும் சிறிதளவு வாயுவும் சேர்த்துச் சமாளிப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

ஆழ்கடலில் புதிய வயலை வரைபடத்தில் வைத்திருப்போர், ரைசர் அடிக்கு வாயுக் குழாயை இப்போதே சேர்த்துவிட வேண்டும். ஒரே பெரிய குழாய்க்குப் பதிலாக இரண்டு சிறிய குழாய்கள் போடுவதையும் அப்போதே எண்ணிப் பார்க்கலாம். பிற்காலத்தில் ஓட்டம் குறையும்போது ஒன்றை மூடிவிட்டு மற்றதில் வேகத்தைத் தக்கவைக்க முடியும். கிடைக்குழாய் ரைசரை நெருங்கும் கடைசிப் பகுதியில் கீழ்ச்சரிவைத் தவிர்க்கும் தடத்துக்குக் கடற்படுகை இடம் கொடுத்தால், பிந்தைய செலவுகள் பலவற்றை அதுவே தவிர்க்கும்.

நீண்ட குழாய் கரைசேரும் இடத்திலும், பிக் அடிக்கடி அனுப்ப வேண்டிய மெழுகு மிகுந்த எண்ணெயிலும் ஸ்லக் கேச்சர் வேண்டும். ஆனால் அதன் அளவைப் பிக்குக்கும் மறுதொடக்கத்துக்கும் மட்டும் கணக்கிட்டு, ரைசர் ஸ்லக்கைக் கட்டுப்பாட்டுச் சுற்றின் பொறுப்பில் விட வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே கலனின் மேல் சுமத்தும் வடிவமைப்பே மேடைகளைத் தேவையின்றிக் கனமாக்குகிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் போவின் நிபந்தனையை வடிவமைப்பு ஓட்டத்துக்கு மட்டும் சரிபார்த்து நிறுத்திவிடக் கூடாது. வயலின் இறுதி ஆண்டுகளில் எதிர்பார்க்கும் குறைந்த ஓட்டத்துக்கும், அப்போது கூடியிருக்கும் நீர்ப் பங்குக்கும் அதைத் தனியே கணக்கிட வேண்டும். எண்ணெயின் இடத்தில் நீர் வந்தால் அதே 300 மீட்டர் தூணின் அழுத்தம் 23.5 பாரிலிருந்து 30 பாரை நெருங்குகிறது, அதைத் தள்ளும் வாயுவோ குறைந்திருக்கும்.